விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னால் திருப்பூருக்குப் போய் வாருங்கள்

ஆரம்ப நிலை நிறுவனங்களுக்குப் பணமும் வழிகாட்டலும் கொடுத்து, பதிலுக்குப் பங்கு எடுத்துக்கொள்ளும் ஒய் காம்பினேட்டர் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறோம், ஒரு தடவை படித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லி இளைஞர்கள் அனுப்பும் வரைவுகளைச் சில வருடங்களாகப் படித்து வருகிறேன். பெரும்பாலும் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பிள்ளைகள். தொழில் தெரிந்தவர்கள். போனில் பேசும்போது தங்கள் தயாரிப்பைப் பற்றி அவ்வளவு தெளிவாகச் சொல்கிறார்கள், கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் அதே ஆள் எழுதிய விண்ணப்பத்தில் இரண்டு பக்கம் தாண்டியும் இந்த நிறுவனம் என்ன செய்கிறது என்றே புரிவதில்லை. போனில் கேட்டது அத்தனையும் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கிறது.

இது ஆங்கிலம் சரியாக வராததால் ஏற்படும் குறை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முதலீட்டாளர் என்றால் பெரிய வார்த்தைகளை எதிர்பார்ப்பார் என்ற பயத்தில், தங்களுக்கு உண்மையாகத் தெரிந்ததை மறைத்துவிட்டு, தெரியாததை எழுதுகிறார்கள். வாடிக்கையாளரோடு எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள், அங்கே என்ன பார்த்தீர்கள் என்பதுதான் விண்ணப்பத்தின் சத்து. அது இருந்தால் எழுதுவது ஒரு நாள் வேலை. அது இல்லையென்றால் எந்த ஆலோசகரை வைத்து எழுதினாலும் ஒப்பேறாது.

ஒய் காம்பினேட்டர் 2005 மார்ச்சில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் தொடங்கியது. பால் கிரஹாம், ஜெசிகா லிவிங்ஸ்டன், ராபர்ட் மோரிஸ், டிரெவர் பிளாக்வெல் என நான்கு பேர். அந்தக் கோடையில் எட்டுக் குழுக்களை எடுத்தார்கள். ஸ்டீவ் ஹஃப்மன், அலெக்சிஸ் ஒஹானியன் என்ற இரண்டு கல்லூரி நண்பர்கள், கைபேசியிலிருந்து உணவு ஆர்டர் செய்யும் யோசனையோடு நேர்காணலுக்குப் போனார்கள். முடியாது என்று பதில் வந்துவிட்டது. மறுநாளே கிரஹாம் கூப்பிட்டு, உங்கள் யோசனை எங்களுக்குப் பிடிக்கவில்லை, உங்களைப் பிடித்திருக்கிறது, வேறு யோசனையோடு வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார். அப்படிப் பிறந்ததுதான் ரெடிட் என்ற இணைய உரையாடல் தளம். முதல் தடவை ஆள் எடுத்தபோதே இப்படி நடந்திருக்கிறது என்பதை மனதில் வையுங்கள். விண்ணப்பத்தைப் படிப்பவர் உங்கள் யோசனையை மட்டும் எடைபோடுவதில்லை. இந்த ஆட்கள் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் அதன் அடிவரை போவார்களா என்று பார்க்கிறார்.

பயணிகளுக்கு வீடுகளில் தங்க இடம் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பியின் கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். 2008இல் பிரையன் செஸ்கியும் நண்பர்களும் தங்கள் நிறுவனத்தின் மதிப்பை 15 லட்சம் டாலர் என்று வைத்து ஒன்றரை லட்சம் டாலர் திரட்ட முயன்றார்கள். அறிமுகம் கிடைத்த ஏழு முதலீட்டாளர்களில் ஐந்து பேர் மறுத்து மின்னஞ்சல் அனுப்பினார்கள், இரண்டு பேர் பதிலே போடவில்லை. கையில் காசு இல்லாமல், அந்த வருட அதிபர் தேர்தலை வைத்து ஒபாமா பெயரிலும் மெக்கெய்ன் பெயரிலும் காலை உணவு சீரியல் பெட்டிகளை அச்சடித்து, ஒரு பெட்டி 40 டாலருக்கு விற்றார்கள். சுமார் 30,000 டாலர் வந்தது. அந்நியர் வீட்டில் போய்த் தங்கும் யோசனை கிரஹாமுக்குப் பிடிக்கவில்லை. அந்த அட்டைப் பெட்டியைப் பார்த்த பிறகுதான் இவர்கள் லேசில் விடமாட்டார்கள் என்று முடிவு செய்து 2009 குளிர்காலத்தில் எடுத்த குழுக்களோடு சேர்த்துக்கொண்டார்.

இந்தக் கதையில் எல்லோரும் சீரியல் பெட்டியோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதற்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம். உங்கள் பயனர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கிரஹாம் கேட்டார். நியூயார்க்கில் என்றார்கள். அப்படியானால் நீங்கள் இங்கே கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள் என்றார். போனார்கள். வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். வீட்டுக்காரர்கள் போட்டிருந்த படங்கள் மோசமாக இருந்ததைக் கண்டு, நல்ல கேமரா ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தாங்களே படம் பிடித்துக் கொடுத்தார்கள். வாரம் 200 டாலராக நின்றிருந்த வருமானம் 400 ஆனது. மென்பொருளில் ஒரு வரியும் மாறவில்லை.

நம் ஊருக்கு வருவோம். திருப்பூர் பனியன் தொழிலுக்கு மென்பொருள் செய்யும் ஒரு குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வரும் வரைவுகளில் முதல் வரி இப்படித்தான் இருக்கும்: ‘செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஜவுளித் துறையின் மதிப்புச் சங்கிலியை முழுமையாக மாற்றியமைக்கும் ஒருங்கிணைந்த தளம்.’ இதைப் படித்துவிட்டு யாராலும் எதையும் மனக்கண்ணில் பார்க்க முடியாது. அதே குழுவை ஒரு ஏற்றுமதியாளரின் அலுவலகத்தில் ஒரு வாரம் உட்கார வைத்தால் வேறு மாதிரி எழுதுவார்கள்: ‘பனியன் ஏற்றுமதியாளர் சாயப்பட்டறைக்கும் காம்பாக்டிங்குக்கும் அனுப்பிய துணியில் எத்தனை கிலோ திரும்பி வந்தது என்பதை அவரே போனில் பார்த்துக்கொள்ளலாம்.’ அவ்வளவுதான். (காம்பாக்டிங் என்பது துணி பின்னால் சுருங்காதபடி அழுத்தி எடுக்கும் வேலை.) இரண்டாவது வரியில் ஆள் இருக்கிறார், பொருள் இருக்கிறது, வலி எங்கே என்பதும் இருக்கிறது.

அந்த ஒரு வாரத்தில் இன்னும் பல விஷயங்கள் கண்ணில் படும். நூல் வாங்குவது ஒரு இடம், நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், தையல் இன்னொரு இடம். ஒவ்வொரு இடம் மாறும்போதும் சரக்கோடு போகும் சீட்டு, அதாவது ஒரு டெலிவரி சலான். சாயம் போட்டால் எடை குறையும், அது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு குறைந்தால் நியாயம், எதற்கு மேல் போனால் கேள்வி கேட்க வேண்டும் என்பதை ஒரே ஒரு மேனேஜர் தலைக்குள் வைத்திருப்பார். அவர் லீவு போட்டால் கணக்கு நிற்கும். சலான் புத்தகத்தை எழுதுபவருக்கு உங்கள் செயலியில் தட்டச்சு செய்ய நேரம் இருக்காது, சலானைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான் நேரம் இருக்கும். உங்கள் போட்டியாளர்களுக்குப் புரியாதது எது உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும். அதற்கான பதில் இந்த மாதிரி விஷயங்கள்தான். எல்லோரும் அந்தக் கேள்விக்கு ‘எங்கள் தொழில்நுட்பம் மேலானது’ என்று எழுதுகிறார்கள். வாட்ஸ்அப் படத்தைப் பற்றி எழுதுங்கள்.

இணைய விற்பனைச் செயலியான மீஷோ இப்படித்தான் திசை மாறியது. விதித் ஆத்ரேயும் சஞ்சீவ் பர்ன்வாலும் முதலில் தொடங்கியது ஃபேஷ்நியர் என்ற செயலி, பக்கத்துத் துணிக்கடைகளை வாடிக்கையாளருக்குக் காட்டுவது. அது எடுபடவில்லை. கடைக்காரர்களோடு பழகியதில், சிறு வியாபாரிகள் ஏற்கெனவே வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் விற்றுக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். அந்த வியாபாரத்துக்குத் துணையாக ஒன்றைக் கட்டி, 2016இல் ஒய் காம்பினேட்டருக்குள் போனார்கள்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று பனியன் யூனிட்கள் மாதம் 2,000 ரூபாய் கட்டிப் பயன்படுத்துகிறார்கள் என்றால் அதை அப்படியே எழுதுங்கள். சின்ன எண்ணாக இருக்கிறதே என்று கூச்சப்பட்டு, ‘50 நிறுவனங்கள் ஆர்வம் தெரிவித்துள்ளன’ என்று மாற்றாதீர்கள். ஆர்வத்துக்குக் காசு கிடையாது. இலவச சோதனை, புரிந்துணர்வு ஒப்பந்தம், கல்லூரி விழாவில் வாங்கிய பரிசு இவையெல்லாம் வாடிக்கையாளர் ஆகாது என்பது படிப்பவருக்கு நன்றாகத் தெரியும். பணம் கட்டும் மூன்று பேரில் ஒருவர் விட்டுப்போனால் ஏன் போனார் என்பதையும் எழுதலாம். அந்த ஒரு வரி பத்து ஸ்லைடை விடக் கனமானது.

நிரல் யார் எழுதுகிறார், அதில் நிறுவனர் அல்லாதவர் செய்த பகுதி ஏதும் உண்டா என்று வெளிப்படையாகவே கேட்கிறார்கள். நம் பக்கத்தில் இது பெரிய சிக்கல். தொழில் அனுபவம் உள்ளவர் யோசனையோடு வருவார், ஒரு ஏஜென்சியிடம் காசு கொடுத்துச் செயலியை எழுதி வாங்குவார். தொடங்கி வைக்க அது சரி. ஆனால் வாடிக்கையாளர் சொன்ன மாற்றத்தை அன்று இரவே செய்து மறுநாள் காலையில் காட்ட ஏஜென்சியால் முடியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கொட்டேஷன் வரும். ஆரம்ப நிலை நிறுவனத்துக்கு இருக்கும் ஒரே பலம் வேகம், அதை இப்படி வெளியே கொடுத்துவிடக் கூடாது. கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் டிராப்பாக்ஸைத் தொடங்கிய டுரூ ஹூஸ்டன் எம்ஐடியில் படித்த நல்ல நிரலாளர். அவருக்கே 2007இல், கூட ஒருவரைச் சேர்த்துக்கொண்டு வா என்று கிரஹாம் சொன்னார். அராஷ் ஃபெர்தோசி எம்ஐடி படிப்பை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். தனியாளை எடுக்கவே மாட்டார்கள் என்பதில்லை. ஆனால் தனியாக இருப்பதற்கு நல்ல காரணம் இருக்க வேண்டும்.

கூட்டாளி விஷயத்தில் நம் குடும்ப வழக்கம் குறுக்கே வரும். மாமா மூலதனம் போட்டார், அதனால் அவருக்கு முப்பது சதவீதம். கல்லூரிப் பேராசிரியர் வழிகாட்டினார், அவருக்குப் பத்து. பள்ளித் தோழன் முதலில் இருந்தான், இப்போது வெளிநாட்டில் இருக்கிறான், அவன் பெயரில் இருபது. நன்றியுணர்வு நல்லது. ஆனால் வேலை செய்யாதவர் கையில் பாதிப் பங்கு இருக்கும் நிறுவனத்தில் யாரும் பணம் போட மாட்டார்கள், ஏனென்றால் முழுநேரம் உழைப்பவருக்கு அங்கே மீதம் என்ன இருக்கிறது? மாமாவின் பணத்தைக் கடனாக எழுதி வட்டியோடு திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள். முழுநேரம் உழைக்கும் நிறுவனர்களுக்குள் பங்கைச் சமமாக, அல்லது கிட்டத்தட்டச் சமமாகப் பிரியுங்கள். அந்தப் பங்கு நான்கு வருடத்தில் படிப்படியாகச் சொந்தமாகும்படியும், முதல் வருடம் முடியும் முன் விலகுபவருக்கு ஒன்றும் இல்லை என்றும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சு சங்கடமானது. விண்ணப்பிக்கும் முன்பே பேசி முடிப்பதுதான் எல்லோருக்கும் மரியாதை.

ஆங்கிலப் பயத்துக்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. எல்லாக் கேள்விக்கும் பதிலை முதலில் தமிழில், பேசுகிற மாதிரியே ஒலிப்பதிவு செய்யுங்கள். அதைக் கேட்டுச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள். விண்ணப்பத்தோடு கேட்கும் ஒரு நிமிட வீடியோவில் நிறுவனர்கள் எல்லோரும் கேமராவைப் பார்த்து இயல்பாகப் பேசினால் போதும். பின்னணி இசை, அனிமேஷன் எதுவும் வேண்டாம், எழுதி வைத்துப் படிக்கவும் வேண்டாம். நேர்காணல் பத்து நிமிடம்தான். முதல் பதிலிலேயே உங்களை நிறுத்தி அடுத்த கேள்விக்குத் தாவுவார்கள். அது கோபமோ அவமரியாதையோ இல்லை, நேரம் அவ்வளவுதான். கேட்ட கேள்விக்கு முதல் வாக்கியத்திலேயே பதில் சொல்லிப் பழகுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கும் பழகுங்கள். நம் ஊரில் வைவா தேர்வுகளில் பதில் தெரியாவிட்டாலும் ஏதாவது பேசித் தப்பிக்கப் பழகியிருக்கிறோம், இங்கே அது உதவாது.

சரி, பணம். இதைப் பற்றித்தான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் தலைப்புச் செய்தியில் வரும் 5 லட்சம் டாலரோடு நின்றுவிடுகிறார்கள்.

2022 ஜனவரியில் அறிவித்த முறைப்படி அந்தத் தொகை இரண்டு பகுதியாக வருகிறது. 1.25 லட்சம் டாலருக்கு உங்கள் நிறுவனத்தின் 7 சதவீதம். கணக்குப் போட்டால் நிறுவனத்தின் மதிப்பு சுமார் 17.9 லட்சம் டாலர் என்று ஆகிறது. அந்த 1.25 லட்சமும் மீதி 3.75 லட்சம் டாலரும் ‘சேஃப்’ என்ற ஒப்பந்தத்தில் தனித்தனியாக வருகின்றன. சேஃப் கடன் கிடையாது. வட்டி இல்லை, தவணைத் தேதி இல்லை. அடுத்து விலை நிர்ணயித்து முதலீடு வாங்கும்போது பங்காக மாறும். இந்த இரண்டாவது சேஃபுக்கு மதிப்பு உச்சவரம்பு, அதாவது பங்காக மாறும்போது நிறுவனத்தின் மதிப்பை அதிகபட்சம் இவ்வளவு என்று கொள்ளும் எல்லை, எழுதப்படவில்லை. அதற்குப் பதிலாக, பின்னால் வரும் முதலீட்டாளருக்கு நீங்கள் கொடுக்கும் மிகச் சாதகமான நிபந்தனை இதற்கும் பொருந்தும் என்று இருக்கிறது.

இதன் பொருளை எண்ணில் பாருங்கள். அடுத்து வருபவருக்கு ஒரு கோடி டாலர் உச்சவரம்பில் சேஃப் கொடுத்தால், இந்த 3.75 லட்சம் 3.75 சதவீதம் ஆகும். மொத்தம் 10.75. அதற்குப் பதில், அவசரத்தில் தெரிந்தவர் ஒருவரிடம் 50 லட்சம் டாலர் உச்சவரம்பில் ஒரு சின்னத் தொகையை வாங்கினீர்கள் என்று வையுங்கள். உடனே இந்தப் பகுதி 7.5 சதவீதம் ஆகிவிடும். மொத்தம் 14.5. அந்தத் தெரிந்தவர் போட்டது பத்தாயிரம் டாலராகவே இருக்கலாம், அந்தப் பத்தாயிரத்துக்காக நீங்கள் கூடுதலாக விட்டுக்கொடுத்தது கிட்டத்தட்ட நாலு சதவீதம். சேர்ந்த பிறகு, முதலீட்டாளர்கள் முன்னால் நிறுவனங்களைக் காட்டும் கடைசி நாளான டெமோ டேக்கு முன்னால் யாரிடம் என்ன விலையில் வாங்குகிறோம் என்பதில் மிகக் கவனமாக இருக்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது, நிறுவனம் எந்த நாட்டில் பதிவாகிறது என்பது. இந்தியாவில் பதிவான பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தில் ஒய் காம்பினேட்டர் நேரடியாக முதலீடு செய்வதில்லை. அமெரிக்கா, சிங்கப்பூர், கேமன் தீவுகள் என அவர்கள் ஏற்கும் இடம் ஒன்றில் ஒரு தாய் நிறுவனம் வேண்டும். பெரும்பாலானோர் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் தொடங்குவார்கள், இந்திய நிறுவனம் அதற்குத் துணை நிறுவனம் ஆகும். விண்ணப்பிக்க இது எதுவும் தேவையில்லை, தேர்வான பிறகு செய்தால் போதும். ஆனால் முடிவை மட்டும் முன்பே யோசித்து வையுங்கள். வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருந்தால் தயக்கமே வேண்டாம். வாடிக்கையாளரும் வருமானமும் இந்தியாவில், ஒரு நாள் பட்டியலிடப் போவதும் மும்பைப் பங்குச்சந்தையில் என்றால் நன்றாக யோசியுங்கள். முதலீட்டுச் செயலி நடத்தும் குரோ 2018இல் ஒய் காம்பினேட்டர் வழியாக வந்த நிறுவனம். 2024இல் தன் அமெரிக்கத் தாய் நிறுவனத்தை இந்தியாவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தபோது சுமார் 1,340 கோடி ரூபாய் வரி கட்டியது. 2025 நவம்பரில் இங்கே பட்டியலிட்டது. அவ்வளவு பெரிதாக வளர்ந்த பின் வரும் வலி இது, அதனால் அவர்கள் எடுத்த முடிவு தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தத் தொடக்க உதவி இல்லாமல் அந்த வளர்ச்சி வந்திருக்குமா என்பதும் கேள்விதான். ஆனால் இது இலவசமாக வருகிற மாற்றம் இல்லை. அந்நியச் செலாவணி விதிகளும் வரியும் தெரிந்த ஒரு சி.ஏ.வோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு முடிவெடுங்கள்.

எல்லா நிறுவனத்துக்கும் இந்த வழி பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏதர் எனர்ஜியைத் தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013இல் தொடங்கினார்கள். புதிய நிறுவனங்களுக்கு இடமும் வசதியும் கொடுத்து வளர்க்கும் இன்குபேட்டரான ஐஐடி மெட்ராஸ் இன்குபேஷன் செல்தான் அடைக்கலம். ஸ்கூட்டர் விற்பனைக்கு வந்தது 2018இல். அதே வளாகத்தில் 2017இல் தொடங்கிய அக்னிகுல், தன் முதல் ராக்கெட் சோதனையை ஸ்ரீஹரிகோட்டாவில் 2024 மே 30 அன்று நடத்தியது. இந்த மாதிரி வேலைகளுக்கு ஆய்வுக்கூடம் வேண்டும், பேராசிரியர்களின் துணை வேண்டும், வருடக்கணக்கில் பொறுமை வேண்டும். மூன்று மாதத்தில் டெமோ டே என்ற தாளத்தில் மட்டும் இவற்றை வளர்க்க முடியாது. பம்ப், மோட்டார், பேட்டரி, வேளாண் கருவி என்று யோசிக்கும் கோவைப் பக்கத்து ஆட்கள் நல்ல இன்குபேட்டர் ஒன்றை முதலில் பாருங்கள்.

தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்; பெண்கள் நடத்தும் நிறுவனங்கள், பசுமைத் தொழில்நுட்பம், கிராமப்புறம் சார்ந்தவை என்றால் 15 லட்சம். அதற்கு 3 சதவீதப் பங்கு. 2021இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டம் இன்குபேட்டர்கள் வழியாக வருவது: மாதிரி உருவாக்க 20 லட்சம் வரை மானியம், சந்தைக்குப் போக 50 லட்சம் வரை கடனாகவோ பின்னால் பங்காக மாற்றத்தக்க கடன்பத்திரமாகவோ. இப்போது எது நடைமுறையில் இருக்கிறது, எந்தச் சுற்று திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொகை சிறிதாகத் தெரியலாம். திருப்பூரில் மூன்று பேர் ஒரு வருடம் தள்ள இது தாராளம்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கோபத்தோடேயே சொல்கிறேன். ‘எங்கள் ஆக்சிலரேட்டரில் சேர ஒன்றரை லட்சம் கட்டுங்கள், முதலீட்டாளர்களைச் சந்திக்க வைக்கிறோம்’ என்று சொல்பவர்களிடம் நம் பிள்ளைகள் அப்பா அம்மாவின் சேமிப்பைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். ஆக்சிலரேட்டர் உங்களுக்குப் பணம் தரும், பதிலுக்குப் பங்கு எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஜெயித்தால்தான் அதற்கு லாபம். முன்பணம் கேட்பவருக்கு நீங்கள் தோற்றாலும் லாபம் வந்துவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு ஒய் காம்பினேட்டர் விண்ணப்பம் எழுதித் தருபவர்களும் இருக்கிறார்கள். அந்த விண்ணப்பங்கள் எல்லாம் ஒரே குரலில் இருக்கும். உங்கள் குரல் அதில் இருக்காது.

மறுப்பு வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். விண்ணப்பிப்பவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு மறுப்புதான் வரும், நூற்றுக்கு ஓரிருவருக்குத்தான் இடம். 2025 முதல் வருடத்துக்கு நான்கு தடவை ஆள் எடுக்கிறார்கள், அதனால் அடுத்த வாய்ப்பு சில மாதத்திலேயே வரும். அதே யோசனையோடு திரும்ப வந்தால் என்ன மாறியிருக்கிறது என்று கேட்கிறார்கள். அங்கே வாக்கியங்களை மெருகேற்றி அனுப்பினால் பயன் இல்லை. ‘போன தடவை மூன்று யூனிட்கள் பணம் கட்டினார்கள், இப்போது பதினான்கு. சாயப்பட்டறைக்காரர்களே எங்களை அடுத்த ஏற்றுமதியாளரிடம் அனுப்புகிறார்கள், ஏனென்றால் எடைத் தகராறு குறைந்ததில் அவர்களுக்குப் பணம் சீக்கிரம் கைக்கு வருகிறது’ என்று எழுத முடிந்தால் எழுதுங்கள். அப்படி எழுத இன்னும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், விண்ணப்பத்தை மூடி வைத்துவிட்டு நாளைக் காலை முதல் பஸ்ஸில் திருப்பூருக்குக் கிளம்புங்கள். வரைவை அப்புறம் அனுப்புங்கள், படிக்கிறேன்.